மூன்றே முக்கால் வயதுப் பிள்ளையைத் தியேட்டருக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மகனுக்கு மூன்றே முக்கால் வயது. டிவியில் கார்ட்டூன் போட்டால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பான். இந்த லீவில் ஏதாவது ஒரு அனிமேஷன் படத்துக்கு தியேட்டருக்குக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். 'ராத்திரி பாத்ரூம் லைட்டை அணைத்தாலே அழுகிறவனை அங்கே கொண்டுபோய் என்ன செய்யப் போறீங்க' என்கிறாள் மனைவி. போகலாமா? எந்த மாதிரிப் படம்? என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?"

போகலாம் தம்பி. ஆனால் டிவி பார்ப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பாதிப் பேர் ஏமாறுவது அந்தக் கணக்கில்தான். உங்கள் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைக்கு முதல் சிக்கல் படத்தில் இல்லை, ஹாலில் இருக்கிறது.

நான் 1986 முதல் 2013 வரை தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்தில் தொடங்கி, ரீல் பெட்டி வருவது நின்றுபோன வருஷம் வெளியே வந்தேன். கேபினில் இருந்து ஹாலைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. ஒரே படத்தை நூறு முறை ஓட்டுகிறவன் படத்தையா பார்ப்பான்? ஜனங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். குழந்தை வீறிட்டால் பக்கத்து வரிசைத் தலைகள் திரும்பும். அப்பா தூக்கிக்கொண்டு குனிந்தபடி நடப்பார். கதவு திறந்து வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்து மறையும். எந்தப் படத்தில், எந்த இடத்தில் அந்தப் பட்டை விழும் என்று மூன்றாவது நாளே எனக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் டூரிங் டாக்கீஸ்தான். கீற்றுக் கொட்டகை, இடுப்பளவு பக்கச் சுவர், மணல் தரை. கைக்குழந்தையிலிருந்து எல்லோரும் வருவார்கள். மணலைக் குவித்துத் தலையணையாக்கி அதில் பிள்ளையைக் கிடத்திவிடுவார்கள். அங்கே குழந்தைகள் பசிக்கு அழுவார்கள், கொசுவுக்கு அழுவார்கள், படத்துக்குப் பயந்து அழுததாக ஞாபகமே இல்லை. அங்கே முழு இருட்டு கிடையாது. பக்கவாட்டில் தெரு விளக்கு தெரியும், நிலா தெரியும், முறுக்குத் தட்டோடு ஒருவர் குறுக்கே நடப்பார். திரைக்குப் பின்னால் ஒரே ஒலிபெருக்கி கரகரக்கும். ஒற்றை ப்ரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். பயம் கூடிவரும் நேரத்தில் விளக்கைப் போட்டு அம்மா முகத்தைக் காட்டிவிடுவார்கள்!

இன்றைய ஹால் இதற்கு நேர் எதிர். கதவைச் சாத்தினால் வெளி உலகம் இல்லை. கறுப்புச் சுவர், சுற்றிலும் ஸ்பீக்கர், அட்மாஸ் ஹால் என்றால் தலைக்கு மேலும் ஸ்பீக்கர். தன்னை மறந்து படத்துக்குள் விழுவதற்குத்தான் பெரியவர்கள் காசு கொடுக்கிறோம். மூன்றே முக்கால் வயதுக்காரனுக்குத் தன்னை மறப்பது என்றால் அம்மாவைக் காணோம் என்று அர்த்தம். வீட்டு டிவியில் அரக்கன் வந்தால் அவன் சைஸ் ஒரு முழம். பிடிக்காவிட்டால் சமையலறைக்கு ஓடிவிடலாம். இங்கே அரக்கனின் மூக்கே உங்களைவிட உயரம், ஓடிப்போக வழியும் தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இருபத்தேழு வருஷம் படம் ஓட்டியவன் என்ற திமிரில் நான் செய்த தப்பு இது.

பேத்திக்கு அப்போது நாலு வயது ஆக ஒரு மாதம் இருந்தது. மால் ஒன்றில் மாலைக் காட்சி, கார்ட்டூன் படம்தானே என்று கூட்டிப் போனேன். முதல் கண்டம் படம் ஆரம்பிக்கும் முன்பே வந்தது. கழிப்பறைக்குக் கூட்டிப் போன என் மகள் கையைக் கழுவிவிட்டு, சுவரில் இருந்த கை காயவைக்கும் மிஷினில் காட்டினாள். அது 'ஹோ' என்று ஊதிய ஊதலில் பிள்ளை நடுங்கிப்போய் வந்தது. இரண்டாவது, சீட். மடிப்பு சீட்டுக்குப் பெரிய ஆள் எடைதான் கணக்கு. பதினாலு கிலோ பிள்ளை பின்னால் சாய்ந்ததும் சீட் மேலே மடிந்து, முழங்கால் இரண்டும் மூக்கைத் தொட, சாண்ட்விச் மாதிரி மாட்டிக்கொண்டது. நாங்கள் சிரித்தோம். அது சிரிக்கவில்லை. பிறகு விளம்பரம், அதன் பின் வேறு ஏதோ படத்தின் ட்ரெய்லர், அதில் அரிவாள். இதெல்லாம் முடிந்து நம் படம் தொடங்கும்போது பிள்ளையின் கை ஐஸாக இருந்தது. ஏ.சி. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தைந்து நிமிஷம் தாக்குப் பிடித்தாள். அதுவரை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி பாத்திரம், திடீரென்று முகம் நீண்டு, கண் மஞ்சளாகி, வேறொன்றாக மாறியது. வீல் என்று ஒரு கத்தல். நான் என்ன செய்தேன் தெரியுமா? காதில் குனிந்து, "அது சும்மாடா, படம்தான், நிஜமில்லை" என்றேன். இன்னும் கத்தினாள். "நீ பெரிய பிள்ளை இல்லையா" என்றேன். கத்தல் ஏறியது. என் மகள் வெடுக்கென்று பிள்ளையைத் தூக்கி, முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு வெளியே நடந்தாள். அந்த வெளிச்சப் பட்டை இந்த முறை என் வீட்டுக் கதவில் விழுந்தது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் கேன்டர் என்றொரு பேராசிரியர், குழந்தைகளும் திரையும் பயமும் என்ற இந்த ஒரே விஷயத்தில் பல வருஷம் ஆய்வு செய்திருக்கிறார். அவர் சொல்வதன் சாரம்: பள்ளிக்கூடம் போகாத வயதில் பயம் கண் வழியாக வருகிறது. பார்க்கக் கோரமாக இருந்தால் பயம், அவ்வளவுதான். நல்லவனா கெட்டவனா என்ற விசாரணையே கிடையாது. எட்டு, பத்து வயதில்தான் 'இது நமக்கும் நடக்குமோ' என்ற பயம் வரும். எண்பதுகளில் அவரும் சக ஆய்வாளரும் ஒரு டிவி தொடரை வைத்துப் பார்த்தார்கள். சாதாரண ஆள் ஒருவன் கோபம் வந்தால் பச்சை ராட்சசனாக மாறி நல்லவர்களைக் காப்பாற்றுவான். பெரிய பிள்ளைகளுக்கு அவன் காப்பாற்ற வருகிறான் என்று தெரியும், கவலையில்லை. சின்னப் பிள்ளைகள் அதிகம் பயந்ததே அந்த மனிதன் ராட்சசனாக மாறும் இடத்தில்தான். ஒருவர் கண்ணெதிரே இன்னொருவராக ஆகலாம் என்பதை அந்த வயது தாங்காது. என் பேத்தியின் பாட்டி பாத்திரம் செய்தது அதையேதான்.

இன்னொன்றும் அவர் ஆய்வில் இருக்கிறது, எனக்குச் செருப்படி மாதிரி விழுந்தது. 'நிஜமில்லை' என்று விளக்குவது ஏழெட்டு வயதுக்கு மேல்தான் பலிக்கும். அதற்குக் கீழே பேச்சு வேலை செய்யாது. மடியில் வைப்பது, கையைப் பிடிப்பது, வாயில் குடிக்கவோ கடிக்கவோ ஏதாவது கொடுப்பது, பிடித்த பொம்மையைக் கையில் திணிப்பது, இவைதான் வேலை செய்யும். படிக்காத நம் பாட்டிமார் செய்ததும் இதுதான்: எதுவும் விளக்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடினார்கள்.

ஆகவே உங்களுக்கு என் முதல் யோசனை: அவன் தலையணையோ பொம்மையோ எதைக் கட்டிக்கொண்டு தூங்குகிறானோ அதை எடுத்துக்கொண்டு போங்கள். அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது சத்தம். இது என் தொழில், கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹாலில் ஒலியை அமைக்கும்போது ஒவ்வொரு திரை ஸ்பீக்கருக்கும் 85 டெசிபல் என்று ஒரு அளவு வைத்துச் சரி செய்வார்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டால்பி பெட்டியில் அது 7 என்ற எண். அந்த எண்ணில் வைத்தால் ஒரு ஸ்பீக்கர் உச்சத்தில் 105 டெசிபல் வரை போக இடம் இருக்கும். படம் முழுக்க அப்படி ஓடாது, வசனமெல்லாம் தாழ்வாகத்தான் இருக்கும். சத்தம் எவ்வளவு என்பதைவிட, எப்படி வருகிறது என்பதுதான் பிள்ளையை உலுக்கும். இரண்டு நிமிஷம் குசுகுசுவென்று பேசிவிட்டு ஒரே அடியாக 'டமார்'. ஒரு படத்தால் காது போய்விடாது, அந்தக் கவலை வேண்டாம். திடுக்கிடலைத்தான் தவிர்க்க வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, காதை முழுசாக மூடும் ஒலித்தடுப்பு மஃப், குழந்தை சைஸில் கிடைக்கிறது. ஹெட்போன் மாதிரி இருக்கும், ஆனால் பாட்டு வராது. ஹாலில் வைத்து முதல் முறையாக மாட்டாதீர்கள், பிய்த்து எறிவான். ஒரு வாரம் முன்பே வாங்கி, மிக்ஸி ஓடும்போதெல்லாம் மாட்டி விளையாடவிடுங்கள். இரண்டாவது, கேளுங்கள். இடைவேளையில் மேனேஜரையோ வாசலில் நிற்கும் பையனையோ கூப்பிட்டு, "சின்னப் பிள்ளைகள் நிறைய இருக்கு, கொஞ்சம் குறைக்க முடியுமா" என்று சொல்லுங்கள். எங்கள் காலத்தில் ஒருவர் வந்து சொன்னால் போதும், 7-ல் இருப்பதை 5-க்குக் கொண்டுவருவேன். ஒரு எண் இறங்கினால் ஏறக்குறைய 3 டெசிபல் குறையும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் என்பார்கள், ஆனால் அந்தத் திருகு இன்னும் ஒரு மனிதன் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது. கேட்க யாரும் வருவதில்லை, அவ்வளவுதான்.

எங்கே உட்காருவது? எல்லோரும் கடைசி வரிசை என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். பின்சுவரில் சர்ரவுண்ட் ஸ்பீக்கர் இருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் ஓடும் படத்துக்குப் பின்னந்தலையில் சத்தம் வரும். பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கும். கடைசியிலிருந்து மூன்றாவது நாலாவது வரிசை, நடைபாதையை ஒட்டிய ஓரம். அப்பா ஓரத்தில், பிள்ளை நடுவில், அம்மா மறுபக்கம். பக்கச் சுவரை ஒட்டிய ஓரம் வேண்டாம், அங்கேயும் ஸ்பீக்கர். ஆன்லைனில் சீட் படத்தில் எது நடைபாதை, எது சுவர் என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். மூன்று வயதுக்கு மேல் பெரும்பாலும் எல்லா இடத்திலும் முழு டிக்கெட்தான். சீட் மடியாமல் இருக்க உங்கள் பையை அவன் முதுகுக்குப் பின்னால் வையுங்கள், அல்லது சீட்டின் நுனியை உங்கள் கையால் அமுக்கிக்கொள்ளுங்கள். பாதிப் படம் மடியில்தான் பார்ப்பான் என்பது வேறு விஷயம். ஒரு ஸ்வெட்டரும் சாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படம் என்று கேட்டீர்கள். 'அனிமேஷன்' என்ற சொல்லை நம்பாதீர்கள். வரைந்த படம் என்றால் குழந்தைப் படம் என்று அர்த்தமில்லை. 2014-ல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. வசூலில் முதலிடங்களில் வந்த 45 குழந்தை அனிமேஷன் படங்களைப் பெரியவர்களுக்கான 90 படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியப் பாத்திரம் செத்துப்போவது எதில் அதிகம்? குழந்தைப் படத்தில்தான், இரண்டரை மடங்கு! சாகிறவர்களில் அப்பா அம்மாவும் உண்டு. 1994-ல் வந்த 'தி லயன் கிங்'கில் குட்டிச் சிங்கத்தின் கண்ணெதிரே அப்பா விழுகிறார். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ'வில் முதல் சில நிமிஷத்திலேயே அம்மா மீன் போய்விடுகிறது. இரண்டும் நல்ல படங்கள், சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் தாமதமாக நுழைந்தால் அம்மா எங்கே என்று அவனுக்குப் புரியாது. சரியான நேரத்துக்கு நுழைந்தால் புரிந்துவிடும். எது மோசம் என்று எனக்கே தெரியவில்லை.

சாமி படம் என்றாலும் இதே எச்சரிக்கைதான். 2025-ல் நரசிம்ம அவதாரக் கதை முழு அனிமேஷனாகத் தமிழிலும் வந்தபோது, பக்திப் படம்தானே என்று கைக்குழந்தையோடு எல்லாம் போனார்கள். பிரகலாதன் கதை நமக்கு மடியில் உட்கார்ந்து கேட்ட கதை. தூண் பிளந்தது, இரணியன் மடிந்தான் என்று பாட்டி சொல்லும்போது நாம் எவ்வளவு தாங்குவோமோ அவ்வளவுதான் மனசில் வரைந்துகொண்டோம். திரை அப்படி அளந்து கொடுக்காது.

சென்சார் சான்றிதழைப் பாருங்கள், ஆனால் அதையும் முழுசாக நம்ப வேண்டாம். முன்பெல்லாம் யு, யுஏ, ஏ என்று மூன்றுதான் கண்ணில் படும். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, யுஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நமக்கு இது நல்லதுதான். ஆனால் யுஏ 7+ என்றால் ஏழு வயதுக்குக் கீழே விடமாட்டார்கள் என்று பொருளில்லை. பெற்றோர் யோசித்துக் கூட்டி வாருங்கள் என்று ஒரு குறிப்பு, அவ்வளவே. ஏ படத்துக்குத்தான் தடை. உங்கள் பையனுக்கு யு மட்டும் பாருங்கள், அதிலும் ட்ரெய்லரை முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். முகம் மாறும் பாத்திரம், துரத்தல், அப்பா அம்மா பிரிவது, மூன்றையும் கவனியுங்கள். பரவாயில்லை என்று பட்டால் அவனை மடியில் வைத்து அதே ட்ரெய்லரை நாலைந்து நாள் காட்டுங்கள். கெட்டவன் முகம் பழகிவிடும். "இந்தக் குண்டு மாமா வருவார், கத்துவார், அப்புறம் தண்ணிக்குள்ள விழுந்துருவார்" என்று கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சஸ்பென்ஸ் கெட்டுவிடும் என்ற கவலை நமக்குத்தான். அந்த வயதில் தெரிந்த கதைதான் இனிக்கும். ஒரே கதையை ராத்திரிக்கு மூன்று தரம் கேட்கிறவர்கள் அவர்கள்.

நீளம் முக்கியம். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிஷம் ஓடும். தமிழ்ப் படம் பதினாலு பதினைந்து ரீல் என்றால், வெளிநாட்டுக் கார்ட்டூன் படம் எட்டு ஒன்பதில் முடிந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் படம் வேண்டாம். பிறகு மொழி. ஆன்லைனில் பதிவு செய்யும்போது தமிழா இங்கிலீஷா என்று பார்க்காமல் அழுத்திவிட்டு, உள்ளே போய் முழிக்கிறவர்கள் ஏராளம். நல்ல நேரத்துக் காட்சியெல்லாம் இங்கிலீஷுக்குக் கொடுத்துவிட்டு, தமிழ் டப்பிங்கைக் காலையில் ஒரே ஒரு காட்சியில் ஒதுக்கியிருப்பார்கள். அந்தக் காலைக் காட்சிதான் உங்களுக்கு வேண்டியது. டப்பிங்கை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். 2019-ல் வந்த புதிய சிங்கப் படத்தில் அரவிந்த் சாமியும் சித்தார்த்தும் ரோபோ சங்கரும் பேசியதைக் கேட்டுப் பெரியவர்களே ரசித்தார்கள். பிள்ளைக்கு வீட்டு மொழியில் வசனம் காதில் விழுந்தால் பாதிப் பயம் குறையும். என்ன நடக்கிறது என்று புரியாத இடத்தில்தான் கண் தனியாக வேலை செய்யும்.

காலைக் காட்சி என்றேன் இல்லையா, அதற்கு வேறு காரணமும் உண்டு. கூட்டம் இருக்காது, அழுதால் யாரும் முறைக்க மாட்டார்கள். வெளியே வரும்போது வெயில் அடிக்கும். மாலைக் காட்சி முடிந்து இருட்டிலிருந்து இருட்டுக்கு வருவதைவிட இது எவ்வளவோ மேல். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தெம்பாக இருக்கும் நேரம்.

3டி வேண்டவே வேண்டாம். கண்ணாடி மூக்கில் நிற்காது, கழற்றினால் படம் இரட்டையாகத் தெரியும். பிரான்ஸில் அரசின் உடல்நலப் பாதுகாப்பு அமைப்பே 2014-ல் ஆறு வயதுக்குக் கீழே 3டி காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டது. அதே படத்துக்குச் சாதாரணக் காட்சியும் இருக்கும், தேடுங்கள். வலிப்பு வந்த பிள்ளை என்றால் இன்னும் ஒரு படி கவனம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு டிவி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரைக் கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள்.

சாப்பாடு. வெளிச் சாப்பாடு அனுமதியில்லை என்று வாசலில் பையைத் திறக்கச் சொல்வார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில், வெளி உணவைத் தடுக்க தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் அளவோடு கொண்டுவரலாம் என்றது. மூன்றே முக்கால் வயது கைக்குழந்தையா என்று வாசலில் ஒருவர் வாதாடக்கூடும். ஒரு டப்பாவில் இட்லித் துண்டும் வாழைப்பழமும் இருந்தால் எந்த மனிதனும் பிடுங்க மாட்டான். சிப்ஸ் பாக்கெட்டாக இருந்தால் பிடுங்குவான். பாப்கார்ன் மட்டும் கொடுக்காதீர்கள். நாலு வயதுக்குக் கீழே அது மூச்சுக்குழாயில் சிக்கும் பண்டம் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இருட்டில், சிரித்துக்கொண்டே, படுத்தவாக்கில் தின்கிற பிள்ளைக்கு அது இன்னும் ஆபத்து. சிக்கியது தெரியக்கூட வெளிச்சம் இருக்காது.

விளம்பரத்துக்குள் போய் உட்காராதீர்கள். நம் ஊரில் அச்சிட்ட நேரத்துக்குப் பிறகு பத்து நிமிஷமாவது விளம்பரமும் ட்ரெய்லரும் ஓடும். அந்தப் பத்து நிமிஷம் அவன் பொறுமைக் கணக்கில் கழிந்துவிடும். அதற்காகப் படம் தொடங்கிய பிறகு கும்மிருட்டில் தடவிக்கொண்டும் நுழையாதீர்கள். என் யோசனை: காட்சிக்கு இருபது நிமிஷம் முன்பே போய், விளக்கு எரியும்போது ஹாலுக்குள் நுழைந்து சீட்டைக் காட்டுங்கள். 'இது நம்ம இடம், அது கதவு, பச்சை லைட்டு எரியுதே அங்கதான் வெளியே போறது' என்று சொல்லுங்கள். பிறகு வெளியே வந்து விளையாடவிட்டு, ஒருவர் உள்ளே நின்று பார்த்துச் சொன்னதும் நுழையுங்கள். வாசலில் இருப்பவர் விடமாட்டார் என்று பயப்படாதீர்கள். முதல் முறை வரும் பிள்ளை என்று சொன்னால் டார்ச் அடித்துக் கூட்டிப் போய்க் காட்டுவார்.

இடைவேளையும் நமக்கு ஒரு வரம். வெளிநாட்டுப் படத்தில் இடைவேளை என்றே ஒன்று கிடையாது, அதை வெட்டிப் போடுவது இங்கேதான். ரீல் காலத்தில் அந்த வேலை என்னுடையது. எந்த ரீல் முடிவில் விடலாம் என்று நானே தீர்மானிப்பேன், சில நாள் பாட்டின் நடுவில் விட்டுத் திட்டு வாங்கியதும் உண்டு. படம் தொடங்கி நாற்பது நாற்பத்தைந்து நிமிஷத்தில் விளக்கு எரியும். அதுவரை ஓட்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்போது "வீட்டுக்குப் போவோமா, இன்னும் பார்ப்போமா?" என்று அவனைக் கேளுங்கள். போவோம் என்றால் போய்விடுங்கள். கழிப்பறைக்குக் கூட்டிப் போனால் அந்தக் கை மிஷின் பக்கம் திரும்பாமல் கைக்குட்டையில் துடைத்துவிடுங்கள்.

போய்விடுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மூன்று டிக்கெட், பார்க்கிங், தின்பண்டம் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும். "இன்னும் கொஞ்ச நேரம்தான்", "அழாதே, எல்லாரும் பார்க்கிறாங்க", "காசு எவ்வளவு தெரியுமா" என்று அப்பாக்கள் பல்லைக் கடிப்பதைக் கண்ணாடி ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படி அமுக்கி உட்காரவைத்த பிள்ளை மறுபடி ஹால் வாசலைக் கண்டாலே மிரளும். டிக்கெட் எடுக்கும்போதே அந்தப் பணத்தைத் தலைமுழுகிவிடுங்கள். முதல் அழுகையிலேயே தூக்க வேண்டாம், முகத்தைத் தோளில் சாய்த்து ஒரு நிமிஷம் வைத்திருந்து பாருங்கள், பல நேரம் தானாகத் திரும்பி ஒரு கண்ணால் எட்டிப் பார்ப்பான். அடங்காவிட்டால் பேச்சே இல்லாமல் வெளியே. வெளியே வந்து திட்டவும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம். ஒரு ஐஸ்கிரீம். பிறகு அவனே 'உள்ளே போவோம்' என்றால் போகலாம். உங்களில் ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் உள்ளே இருந்து முழுப் படத்தையும் பார்த்துக் கதை சொல்லலாம். அதில் குற்றவுணர்ச்சி எதுவும் வேண்டாம்.

டாக்டர்கள் சொல்லும் திரை நேரக் கணக்கு தெரிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனமும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்கு மேல் ஐந்துக்குள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்கிறார்கள். படம் பார்த்த நாளில் வீட்டில் டிவியும் போனும் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். வருஷத்துக்கு இரண்டு படத்தால் எதுவும் கெடாது. தினமும் சோறு ஊட்டக் கையில் கொடுக்கும் போன்தான் கெடுக்கும்.

படத்துக்குப் பின் நாலைந்து நாள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் கேட்பான். "அந்த மாமா ஏன் விழுந்தார்?" பதில் சொன்ன பிறகும் மறுபடி கேட்பான். எரிச்சல்படாமல் அதே பதிலைச் சொல்லுங்கள். துணியைப் போர்த்திக்கொண்டு அவனே அரக்கனாக நடித்தால் நீங்கள் பயந்து ஓடுங்கள்.

என் பேத்தி அப்படித்தான் மீண்டாள். இரண்டு மாதம் வீட்டில் மஞ்சள் கண் பாட்டியாக உறுமிக்கொண்டு திரிந்தாள், நான் கட்டிலுக்குக் கீழே ஒளிந்தேன். ஒரு நாள் அவளே, "தாத்தா, சினிமாவுக்குப் போவோமா" என்றாள். இந்த முறை காலைக் காட்சி, தமிழ், நாலாவது வரிசை, ஓரம். காதில் மஃப், கையில் ஒரு கிழிந்த முயல் பொம்மை. விளக்கு அணைந்ததும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. திரையைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, சீட்டில் முட்டி போட்டுப் பின்னால் திரும்பி, தலைக்கு மேலே போகும் ஒளிக்கற்றையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூசி மின்னிக்கொண்டு போனது. மஃபை ஒரு காதில் விலக்கிவிட்டு, "தாத்தா, அந்த ஓட்டைக்குள்ள யார் இருக்கா?" என்றாள்.

அந்தப் படத்தின் கதையை யாராவது சொன்னால் தேவலை, எனக்கும் தெரியாது. அன்று முழுக்க நானும் அவளோடு பின்னால் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தேன்.